இரானை ஜெயித்த பசங்களும் உன் பழைய கேள்வியும்

அன்புள்ள ஜெரால்டு,

மூன்று மாதமாக உனக்குப் பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது. சேவியர் அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல். விசாரிப்பு இத்தோடு போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

2025 நவம்பர் 30 அன்று அகமதாபாதில் நம்ம அண்டர்-17 கால்பந்துப் பசங்க இரானை 2-1 என்று ஜெயித்து, 2026 ஆசியக் கோப்பைக்குள் போய்விட்டார்கள். குரூப்பில் முதலிடம் வரும் ஒரே அணிக்குத்தான் டிக்கெட். அதுவரை ஆடியது மூன்று ஆட்டம்: பாலஸ்தீனத்துடன் 1-1, சீன தைபேயை 3-1, லெபனானிடம் 0-2 தோல்வி. ஆக, கடைசி ஆட்டத்தில் இரானை ஜெயித்தே தீர வேண்டும். டிரா போதாது. 19-வது நிமிடத்தில் இரான் கோல் அடித்தபோது நீயாக இருந்தால் டிவியை அணைத்திருப்பாய். அணைக்காதவர்களுக்குப் பலன் கிடைத்தது. இடைவேளைக்கு முன் பெனால்டியில் தல்லால்முவான் காங்தே சமன் செய்தான். 52-வது நிமிடத்தில் குன்லெய்பா வாங்கேய்ராக்பம் இரண்டாவதைப் போட்டான்.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாயே, "நம்ம சின்னப் பசங்க வெளியே போய் என்னத்த கிழிச்சிருக்காங்க?" என்று. அதற்குத்தான் இந்தக் கடிதம். நிறையவும் கிழித்திருக்கிறார்கள், நிறையவும் கோட்டை விட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே ஒரு ஓட்டைதான் திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் நீ மறந்துபோனது: 1974, பாங்காக். ஆசிய இளைஞர் சாம்பியன்ஷிப் பைனலில் இதே இரானுடன் 2-2. பெனால்டி ஷூட்-அவுட் கிடையாது, கோப்பையை இரண்டு அணியும் பகிர்ந்துகொண்டன. கேப்டன் ஷபீர் அலி. ஃபிஃபாவின் இளைஞர் உலகப் போட்டி தொடங்கியதே 1977-இல், துனிசியாவில். ஆசியாவில் நாம் முதலிடத்தில் நின்ற வருஷத்தில் அதற்கு மேல் ஏறிப்போக ஒரு படியே இல்லை. படி வந்த பிறகு நாம் அங்கே இல்லை. ஆண்கள் பிரிவில் இன்றுவரை எந்த வயது உலகக் கோப்பைக்கும் நாம் தகுதிச் சுற்றில் ஜெயித்துப் போனதில்லை. 2017-இல் ஆடியதும் போட்டியை நடத்திய நாடு என்பதால்தான்.

அந்த 2017-ஐ கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். டெல்லியில் மூன்று ஆட்டம். அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. அடித்தது ஒன்று, வாங்கியது ஒன்பது. நீ இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறாய். கோல் விழுந்த நேரத்தைப் பார், லே. அமெரிக்கா ஆட்டத்தில் 84-வது நிமிடம். அன்வர் அலி அடித்த பந்து கிராஸ்பாரில் மோதித் திரும்பியது. நம்ம ஆட்கள் பாதிப்பேர் அவர்கள் பக்கம் நிற்கிறார்கள். பந்தை எடுத்தவன் ஒரே ஓட்டம், கார்ல்ட்டன் மூன்றாவது கோல். மூன்று நாள் கழித்து கொலம்பியா. 82-வது நிமிடம், சஞ்சீவ் ஸ்டாலின் கார்னர் எடுக்க, ஜீக்சன் சிங் எழும்பித் தலையால் உள்ளே தள்ளினான். எந்த ஃபிஃபா உலகக் கோப்பையிலும் இந்தியா போட்ட முதல் கோல் அது. மைதானமே எழுந்து நிற்கிறது. மறுபடி பந்தை நடுவில் வைத்து ஆரம்பித்த அடுத்த நிமிடமே, 83-இல், அவர்களின் பெனலோசா தன் இரண்டாவது கோலைப் போட்டுவிட்டான். 1-1 என்ற கணக்கு ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

நான் சொல்லும் ஓட்டை இதுதான். பசங்களுக்குத் திறமை இல்லாமல் தோற்கவில்லை. நாம் தாக்கி முடித்த அந்தப் பத்து நொடியில், அல்லது கோல் போட்ட அடுத்த இரண்டு நிமிடத்தில், பின்னால் ஆளில்லை. சந்தோஷத்தில் நடுவில் காக்க வேண்டிய ஸ்டாப்பர்கூட மேலே நிற்கிறான், பேக் இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பி வருகிறார்கள், கீப்பர் கத்துவது யார் காதிலும் விழவில்லை.

அடுத்த வருஷமே இதற்கு நேர் எதிரான ஓர் அணியைப் பார்த்தோம். 2018 மலேசியா, ஆசிய அண்டர்-16 போட்டி. பிபியானோ பெர்னாண்டஸ் கோச். வியட்நாமை 1-0, அதுவும் 86-வது நிமிடப் பெனால்டியில் விக்ரம் பிரதாப் போட்டது. இரானுடன் 0-0, இந்தோனேசியாவுடன் அவர்கள் கூட்டம் நிறைந்த கோலாலம்பூரில் 0-0. குரூப்பில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. கீப்பர் நீரஜ் குமார் சுவர் மாதிரி நின்றான். காலிறுதியில் தென்கொரியா. அதை ஜெயித்தால் பிரேசிலில் உலகக் கோப்பை. 67-வது நிமிடத்தில் ஜியோங் சாங்-பின் போட்ட ஒரே கோலில் முடிந்தது. நான்கு ஆட்டம், அடித்தது ஒன்று, வாங்கியது ஒன்று. ஓட்டையை அடைத்தார்கள், ஆனால் எல்லாரையும் பின்னால் நிறுத்தி அடைத்தார்கள். முன்னே விக்ரம் தனியாக நிற்கிறான், மிட்ஃபீல்டில் பந்து கிடைத்தாலும் தூக்கி அடிப்பதைத் தவிர வழியில்லை.

2023 தாய்லாந்தில் நடந்த அண்டர்-17 ஆசியக் கோப்பையில் அதே கோச், ஆனால் ஆட்டம் தலைகீழ். வியட்நாமுடன் 1-1, உஸ்பெகிஸ்தானிடம் 0-1, ஜப்பானிடம் 4-8. எட்டு வாங்கியதை எல்லாரும் சொன்னார்கள். அந்த ஜப்பான்தான் கோப்பையைத் தூக்கியது, அந்தப் போட்டி முழுக்க வேறு எந்த அணியும் அவர்கள் மேல் ஒன்றுக்கு மேல் போடவில்லை, நம்ம பசங்க நாலு போட்டார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. ஆக 2018-இல் 1-1 கணக்கு, 2023-இல் 5-10 கணக்கு. முன்னதில் தாக்க ஆளில்லை, பின்னதில் காக்க ஆளில்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நமக்கான அணி இருக்கிறது என்று நான் அப்போதே நினைத்தேன்.

இப்போது மறுபடியும் பிபியானோ. அகமதாபாத் கணக்கு நான்கு ஆட்டத்தில் 6-5. 52-வது நிமிடத்தில் முன்னிலை வந்த பிறகு, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, இரானை ஒன்றும் செய்ய விடவில்லை. எனக்குச் சந்தோஷம் தந்தது கோலைவிட அதுதான். 2017-இல் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்காத விஷயம் இது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நிதானமாகப் படி. அண்டர்-17 உலகக் கோப்பை இப்போது வருஷா வருஷம், கத்தாரில், 48 அணிகளுடன். 2025 நவம்பரில் போர்ச்சுகல் ஆஸ்திரியாவை 1-0 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கியது. ஆசியாவுக்கு எட்டு இடம். அதாவது ஆசியக் கோப்பையில் காலிறுதிக்கு வந்தாலே போதும். 2018-இல் நாம் காலிறுதி ஆடினோம். 2002-லும் ஆடினோம், அப்போதும் கொரியாதான் அனுப்பிவைத்தது. அந்த இரண்டு அணியும் இன்றைய விதிப்படி உலகக் கோப்பை ஆடியிருக்கும்! நான்கு பேர் கொண்ட குரூப்பில் இரண்டாவதாக வந்தால் போதும், லே. புதிதாக ஒன்றும் சாதிக்க வேண்டாம், ஏற்கெனவே இரண்டு தடவை செய்ததைத்தான் செய்ய வேண்டும்.

தெற்காசியக் கோப்பைகளை நீ பெரிதாக எடுப்பதில்லை என்று தெரியும். 2022-இல் கொழும்பு, 2023-லும் 2024-லும் திம்பு, 2025-இல் மறுபடி கொழும்பு, எல்லாம் நமக்கே. ஆனால் இந்தக் கொழும்பு பைனலைக் கவனி: வங்கதேசத்துடன் 2-2, பெனால்டியில்தான் முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கிட்ட வந்துவிட்டார்கள்.

2018 ஆகஸ்டில் ஸ்பெயினில் நடந்ததை நீ "சும்மா அழைப்புப் போட்டி" என்று தள்ளிவிட்டாய். சரி, அழைப்புப் போட்டிதான். அண்டர்-20, அர்ஜென்டினா, பெஞ்சில் அவர்கள் கோச்சாக ஸ்கலோனி. நாலாவது நிமிடத்தில் தீபக் டாங்ரி கார்னரில் தலையால் ஒன்று. 54-இல் அனிகேத் ஜாதவுக்கு ரெட் கார்டு. பத்துப் பேரோடு ஆடி 68-இல் அன்வர் அலியின் ஃப்ரீ கிக். 2-1. அதே போட்டியில் அதற்கு முன்னால் மௌரித்தானியாவிடம் 0-3 என்று உதை வாங்கியவர்கள்தான். பத்து நாளில் நாலு ஆட்டம் கடினமான ஆட்களோடு ஆடியதில் அணி தேறியது. எங்களுக்கு ஆட்டம் கொடுங்கள் என்பதுதான் இந்தப் பசங்களின் மொத்தக் கோரிக்கையும். அதனால்தான் இளம் பசங்களுக்கென்றே இருந்த இந்தியன் ஏரோஸ் அணியை மூடியதில் எனக்கு இன்னும் கோபம். 2017 பசங்களை அப்படியே ஐ-லீக்கில் இறக்கினார்கள், முதல் ஆட்டத்திலேயே நம்ம சென்னை சிட்டியை 3-0 என்று அடித்தார்கள். ஜீக்சன், சுரேஷ், அன்வர் எல்லாம் சீனியர் அணி வரைக்கும் போனார்கள். 2022-இல் அந்த அணியைக் கலைத்துவிட்டார்கள். பதினேழு முடிந்து பதினெட்டில் நிற்கும் பையனுக்கு வாரா வாரம் தொண்ணூறு நிமிடம் யார் கொடுப்பது? பெரிய கிளப்பில் சேர்ந்தால் பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அவர்கள் கதை இதைவிட வேகமாக நகர்கிறது. 2022-இல் சொந்த மண்ணில் அமெரிக்காவிடம் எட்டு வாங்கிய அண்டர்-17 2025 அக்டோபரில் பிஷ்கெக்கில் உஸ்பெகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து ஆசியக் கோப்பைக்குப் போயிருக்கிறது.

இனி நீ பயிற்சி கொடுக்கும் பசங்க விஷயம். வயதைச் சரிபார்க்க எடுக்கும் மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்டிருந்தாய். ஆசியப் போட்டிகளில் அண்டர்-17-க்கு இடது மணிக்கட்டைத்தான் எடுக்கிறார்கள். முன்கை எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு இருக்கும். அது எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று ஒன்றிலிருந்து ஆறு வரை மதிப்பு. ஆறு என்றால் முழுக்க ஒட்டிவிட்டது, பையன் வெளியே. உள்ளூர் லீக்குகளில் செய்வது வேறு: டி.டபிள்யூ.-3, கையின் எக்ஸ்ரே. மணிக்கட்டும் விரல்களும் சேர்த்துப் பதின்மூன்று எலும்புக்கு மார்க் போட்டு எலும்பு வயதைச் சொல்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் சுத்தமாக இருந்தாலும் சீக்கிரம் வளர்ந்த பையன் இதில் சிக்கலாம். அதனால் பதிமூன்று வயதில் மீசை முளைத்த இரண்டு தடியன்களை நம்பி அணி கட்டாதே. பதினாறில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். அப்போது அவர்களிடம் உயரம் மட்டும்தான் இருந்தது என்று தெரியும்.

கார்னருக்கு இப்படி நிறுத்திப் பார். எடுப்பவன் ஒருவன், பாக்ஸுக்குள் ஐந்து பேர், டி-க்கு வெளியே இரண்டு பேர், நடுக்கோட்டில் இரண்டு பேர், கீப்பர். டி-க்கு வெளியே நிற்கும் இரண்டு பேரும் ஷாட் அடிக்க அல்ல. பந்து வெளியே வந்தால் அதை எடுக்கும் முதல் ஆளைத் திரும்பவிடாமல் நெருக்க. எதிரணி ஓர் ஆளை முன்னால் விட்டால் பின்னால் நமக்கு இரண்டு, இரண்டு பேரை விட்டால் மூன்று. எப்போதும் ஒன்று கூடுதல். மூன்றாவது ஆளைப் பாக்ஸிலிருந்து எடு, வெளியே நிற்பவர்களைத் தொடாதே.

பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கே வை. எட்டுக்கு எட்டு, அரை மைதானம். நீ விசில் அடித்து "82-வது நிமிஷம், சிவப்பு இப்பத்தான் கோல் போட்டுச்சு" என்று சொல். பந்து நடுவில், மூன்று நிமிட ஆட்டம். அதற்குள் சிவப்பு ஒன்று வாங்கினால் இரண்டாகக் கணக்கு. கோல் போட்டதும் கட்டிப்பிடித்துக்கொள்ளட்டும், தடுக்காதே. ஆனால் திரும்பி வரும்போது கேப்டன் உரக்க எண்ணி நாலு டிஃபென்டரும் வரிசையில் நின்ற பிறகுதான் முன்னால் இருப்பவன் தன் இடத்துக்குப் போக வேண்டும். முதல் வாரம் குழப்பமாக இருக்கும், கீப்பர் வாயே திறக்க மாட்டான். அவனைக் கத்தவிடு. மூன்றாவது வாரத்தில் தானாக வந்துவிடும்.

ஒரு வேலை உனக்கு. 2026 அண்டர்-17-க்கான பிறந்த தேதி எல்லை 2009 ஜனவரி 1. அடுத்தடுத்த வருஷமும் ஜனவரி 1-தான் கோடு. அதனால் ஜனவரியில் பிறந்தவன் அதே வருஷம் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன், உயரமும் கூடுதலாக இருக்கும். உன் பட்டியலில் உள்ள பசங்களின் பிறந்த மாதத்தை மட்டும் எழுதி அனுப்பு, பேர் வேண்டாம். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பிறந்தவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் நீயும் உயரம் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாய். நவம்பர், டிசம்பரில் பிறந்த, சின்ன உருவமாக இருக்கிறான் என்று நீ திருப்பி அனுப்பிய பசங்களை பொங்கல் லீவில் மறுபடி கூப்பிடு. நானும் அந்த வாரம் ஊருக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
பாஸ்கர்