மீனைச் சாப்பிடலாமா என்பது மட்டும்தானா கேள்வி?

ஆசிரியருக்கு வணக்கம்.

கழிமுகங்களில் சேரும் உலோகக் கழிவு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைக் கையில் எடுத்ததற்கு நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது: அங்கே பிடிபடும் மீனைச் சாப்பிடலாமா, கூடாதா? சாப்பிடுகிறவருக்கு அது முக்கியம், மறுக்கவில்லை. அந்த மீனுக்கே என்ன ஆகிறது என்பது பற்றி ஒரு பத்திகூட இல்லையே. மீன் உடலியல் படித்து, அதையே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அரசு ஆய்வகங்கள் மீனைச் சோதிக்கும்போது பெரும்பாலும் சதையைத்தான் எடுக்கின்றன, நாம் தின்பது அதைத்தானே. பாதரசத்துக்குப் பல நாடுகளின் விதிகளில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் அல்லது 1 மில்லிகிராம் என்ற வரம்புகளைப் பார்க்கலாம். பாதரசத்தைப் பொறுத்தவரை சதையைப் பார்ப்பது சரிதான். பாதரசத்தின் கரிம வடிவமான மெத்தில் பாதரசம் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சதையில்தான் தங்கும். காட்மியமும் செம்பும் அப்படி இல்லை. காட்மியம் சிறுநீரகத்திலும் ஈரலிலும் செவுளிலும் சேர்கிறது, செம்பு பெரும்பாலும் ஈரலில். ஈரல் முழுக்கக் காட்மியத்தோடு நீந்தும் மீன்கூட சதைப் பரிசோதனையில் தேறிவிடும். "வரம்புக்குள் இருக்கிறது" என்று அறிக்கையில் எழுதினால் அது நமக்கான நற்சான்று. மீனுக்கானது அல்ல.

கழிமுகம் ஏன் இதில் தனி என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்று நீரோடு வரும் களிமண் துகள்களில் உலோகங்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. உப்பு நீர் பட்டதும் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டு அடியில் படிகின்றன. ஆறு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ ஆண்டுகளாக வாங்கிய கழிவில் பெரும்பங்கு இப்படித்தான் கடைசியில் கழிமுகச் சேற்றில் தங்குகிறது. காட்மியம் மட்டும் வேறு விதம். அது உப்பில் உள்ள குளோரைடோடு சேர்ந்து துகளை விட்டு மறுபடியும் நீருக்கு வந்துவிடும். பிரான்சின் ஜிரோந்து கழிமுகத்தில் சிப்பி எடுக்கத் தடை விழுந்ததற்குக் காரணம் இந்தக் காட்மியம்தான். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே, லாட் ஆற்றின் ஒரு சிறு கிளையோரம் நடந்த துத்தநாகத் தொழிலிலிருந்து அது வந்தது. அப்புறம், ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. உணவுச் சங்கிலியில் ஏறிக்கொண்டே போவது அந்த வடிவம்தான். கடல் அமைதியாக இருக்கிற நாளில் மேல்மட்டத்து நீரை ஒரு குப்பியில் பிடித்து அளந்து, "கழிமுகம் சுத்தம்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. சேறு அந்தக் குப்பியில் வருவதில்லை.

இப்படிப்பட்ட இடம்தான் மீன்குஞ்சுகளின் வளர்ப்பிடமும். மடவை, கொடுவா, நாக்கு மீன் என்று எத்தனையோ இனங்கள் சின்ன வயதைக் கழிமுகத்தில் கழித்துவிட்டுத்தான் கடலுக்குப் போகின்றன. நாக்கு மீன் சேற்றின் மேலேயே படுத்துக் கிடக்கும். மடவை சேற்றையே வாயில் அள்ளிச் சலித்து இரை தேடும்.

செவுளில் நடப்பதைப் பாருங்கள். நன்னீரில் இருக்கும் மீன் செவுள் வழியாக உப்பை உள்ளே இழுக்க வேண்டும், கடல்நீருக்கு வந்தால் அதே உப்பை வெளியே தள்ள வேண்டும். கடல் ஏறி வற்றும் ஒவ்வொரு முறையும் கழிமுகத்து மீன் இந்த இரண்டுக்கும் நடுவே தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. உப்பிலுள்ள சோடியத்தைக் கடத்தும் அந்த வேலையைத்தான் செம்பு தடுக்கிறது. காட்மியமோ கால்சியம் நுழையும் வழியிலேயே கால்சியம் போல உள்ளே புகுந்துவிடுகிறது. எலும்பு வளர வேண்டிய வயதில் குஞ்சுக்குக் கால்சியம் தட்டுப்பாடானால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதில் எதுவும் மீனை உடனே கொல்வதில்லை. செத்து மிதந்தால்தான் நாம் திரும்பிப் பார்க்கிறோம். இயற்கையில் வாழும் மீனைப் பொறுத்தவரை, சாகாமல் மந்தமாகிப் போவதே போதும். கோஹோ சால்மன் குஞ்சுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் செம்பு மட்டும் கலந்த நீரில் 3 மணி நேரம் விட்டார்கள். மீனின் தோல் கிழிந்தால் ஒருவகை வாசனை நீரில் கலக்கும். ஆபத்து என்று அறிந்து மற்ற மீன்கள் அசையாமல் நின்றுவிடும். செம்பு பட்ட குஞ்சுகளில் இந்த எதிர்வினை குன்றிப்போனது, ஆபத்து வாசனை வந்த பிறகும் நீந்திக்கொண்டிருந்தன. இது நன்னீரில் செய்த சோதனை. உப்பு கூடினால் மீனின் வாசனை உணர்வைச் செம்பு பாதிப்பது குறைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கழிமுகத்தில் ஆற்றுப் பக்கம் உள்ள பகுதி பாதி நன்னீர்தான். மழைவெள்ளம் செம்பு கலந்த சாலைத் தூசியை அடித்துக்கொண்டு வரும் நேரத்தில் உப்பு இன்னும் குறைவு.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடந்த வேலை. அங்கே பைல்ஸ் கிரீக் என்ற கழிமுக ஓடையில் மம்மிசாக் என்று ஒரு சின்ன மீன் உண்டு. ஜூடித் வைஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். அந்த ஓடையில் பாதரசம் உட்படப் பல மாசுகள் சேர்ந்திருந்தன, எனவே பழி முழுவதையும் ஒரு உலோகத்தின் மேல் போட முடியாது. அந்த மீன்கள் செத்துப்போகவில்லை, ஓடையில் நிறையவே இருந்தன. ஆனால் இறால் பிடிப்பதில் சுத்தமான இடத்து மீன்களைவிட மெதுவாக இருந்தன. இரை கிடைக்காமல் அடியில் கிடக்கும் மக்கிய கழிவைத் தின்று வயிற்றை நிரப்பின. வளர்ச்சி குறைந்தது, ஆயுளும் குறைந்தது. நண்டுகளிடம் எளிதாக மாட்டிக்கொண்டன. சுத்தமான இடத்து மீன்களைக் கொண்டுவந்து அந்த ஓடையின் சேற்றோடும் அங்குள்ள இரையோடும் தொட்டியில் விட்டால், சில வாரங்களில் அவையும் இரை பிடிப்பதில் பின்தங்கின. பிடித்துத் தின்னும் மீன் வலுவிழந்ததால் அந்த ஓடையின் இறால்கள் மற்ற இடங்களைவிட அதிகமாகவும் பெரிதாகவும் இருந்தன. மேலோட்டமாகப் பார்ப்பவர் "இறால் நன்றாக இருக்கிறது, ஓடை செழிப்பாக இருக்கிறது" என்றுதான் எழுதிக்கொண்டு போவார்.

மீன்களுக்குத் தற்காப்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. மெட்டலோதயோனின் என்று ஒரு சிறு புரதம், 1957-ல் முதலில் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அது உலோகத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும், மீன்களிலும் உண்டு. செம்பும் துத்தநாகமும் குறைந்த அளவில் உடலுக்குத் தேவையும்கூட. ஆனால் அந்தப் புரதத்தைத் தயாரிக்க ஆற்றல் வேண்டும். வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போக வேண்டிய சத்து அங்கே செலவாகிறது. மாசுபட்ட நியூ ஜெர்சி பகுதியின் மம்மிசாக் கருக்கள் மெத்தில் பாதரசத்தைத் தாங்கக் கற்றிருந்தன, ஆனால் வளர்ந்த மீன்களின் நிலை மேலே சொன்னதுதான். "மீன் பழகிக்கொள்ளும்" என்ற வாதத்தை வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மீன்வளம் குறைய அதிகப்படியாகப் பிடிப்பது, அணைகள், வெப்பம் என்று வேறு காரணங்கள் இருக்கும்போது உலோகத்தை எப்படிக் குற்றம் சொல்வது என்பது நியாயமான கேள்வி. தனியாகப் பிரித்துக் காட்டுவது கடினம்தான். ஆனால் கடினம் என்பதற்காக அளக்காமலே விட்டுவிட்டு, பிறகு ஆதாரம் இல்லை என்று சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

ஆலையை மூடினால் பிரச்சினை முடிந்துவிடும் என்ற தொனியும் உங்கள் கட்டுரையில் இருந்தது. ஜப்பானின் மினமாட்டாவைப் பாருங்கள், ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மக்களுக்கு நோய் தந்த ஊர் அது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956-ல். பாதரசத்தைப் பயன்படுத்திய அந்த உற்பத்தி நின்றது 1968-ல்தான். அதன் பிறகு 1977 முதல் 1990 வரை விரிகுடாவின் சேற்றைத் தோண்டி எடுத்து, 58 ஹெக்டேர் நிலமாக மேடாக்கினார்கள். மாசுபட்ட மீன் வெளியே போகாமல் தடுக்க 1974-ல் போட்ட வலையை 1997-ல்தான் எடுத்தார்கள். ஆலை நின்ற பிறகும் சேற்றுக்கு மட்டுமே அத்தனை காலம். இங்கிலாந்தின் கார்ன்வாலில் வீல் ஜேன் சுரங்கம் 1991-ல் மூடப்பட்டது, தண்ணீரை வெளியேற்றிய பம்புகளும் நின்றன. 1992 ஜனவரியில் சுரங்கத்தில் நிரம்பிய உலோக நீர் உடைத்துக்கொண்டு ஃபால் கழிமுகம் வரை செந்நிறமாக ஓடியது. அந்த இடத்தில் மூடியதால்தான் சிக்கலே வந்தது.

மூலத்திலேயே தடுப்பது நடக்கக்கூடிய காரியம்தான். வண்டி பிரேக் பேடுகள் தேயும்போது உதிரும் செம்பு மழைநீரோடு ஆற்றுக்குப் போகிறது என்பதால், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2010-ல் சட்டம் போட்டு, பிரேக் பேடில் செம்பைப் படிப்படியாகக் குறைக்க வைத்தது. கலிபோர்னியாவும் அதே ஆண்டு அதைச் செய்தது. அந்தச் சட்டங்களின் பின்னால் இருந்த முக்கியமான கவலை, மனிதர் சாப்பிடுவது அல்ல, நீரில் வாழும் மீன்களுக்கு நேரும் தீங்குதான். அதனால்தான் அதை இங்கே குறிப்பிடுகிறேன்.

எனவே அடுத்த முறை நீங்கள் ஒரு கண்காணிப்பு அதிகாரியைப் பேட்டி எடுத்தால், சதையில் எவ்வளவு என்பதோடு இவற்றையும் கேளுங்கள். ஈரலையும் செவுளையும் பார்த்தீர்களா? எந்த வயது மீன்கள் கிடைக்கின்றன, மூத்த மீன்கள் குறைந்துவிட்டனவா? குஞ்சுகளில் முதுகெலும்பு வளைந்தவை உண்டா? துறைமுகத்துக்கோ கால்வாய்க்கோ ஆழப்படுத்தத் தோண்டும் முன், அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது என்று அளந்தீர்களா, குஞ்சுகள் உள்ளே வரும் பருவத்தைத் தவிர்த்தீர்களா? ஆக்ஸிஜன் படாமல் சல்பைடு என்ற கந்தகச் சேர்மத்தோடு கட்டுண்டு கிடந்த உலோகம் தோண்டும்போது நீருக்கு விடுபடும் என்பதால் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் அவசரமானது. பதில்கள் எப்படி இருந்தாலும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்