நம்ம கடப்புறத்துக் கருமணல்

ரிச்சர்ட்ஸ் பே,
தென்னாப்பிரிக்கா

அன்புள்ள சேவியர் மக்கா,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த அறிவிப்பின் நகலும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் சுகம். மகள் டர்பனில் கணக்கியல் படிக்கிறாள், சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுக்கிறாள். உன் மூட்டுவலிக்கு நெட்டையன் சொன்ன எண்ணெயைத் தேய்க்காதே. அவன் பேச்சைக் கேட்டு உருப்பட்டவன் நம் வகுப்பில் ஒருத்தன் உண்டா? ஒழுங்காக ஒரு டாக்டரைப் பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிள்ளியூர் தாலுகாவில் 1144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்கும் திட்டத்தைப் பற்றி எழுதிவிட்டு, "நீ அந்தத் தொழிலிலேயே கிடக்கிறவன், நல்லதா கெட்டதா, ஒரு வரியில் சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். சிறுகுறிப்பு வரைக என்றால் நாலு பக்கம் எழுதிக்கொடுத்த நீயா என்னிடம் ஒரு வரி கேட்கிறாய்? இதை ஒரு வரியில் சொன்னால் அது பொய்யாகிவிடும். உட்கார்ந்து வாசி.

கன்னியாகுமரிக்கு எக்ஸ்கர்ஷன் போனபோது மூன்று நிற மணல் பாக்கெட் வாங்கினாயே, யாருக்கு என்று நான் எழுத மாட்டேன். குமரியம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் சமைக்க வைத்த அரிசியும் பருப்பும் மணலாக மாறியது என்று அந்தக் கடைக்காரர் சொன்னார். அதில் சிவப்பு கார்னெட். உப்புத்தாளிலும், இரும்பின் துருவை மணல் பீய்ச்சி அகற்றுவதிலும் அதுதான் வேலை செய்கிறது. கறுப்பு இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த தாது. இவற்றோடு சிர்க்கான், ரூட்டைல், சில்லிமனைட், மோனசைட் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கலந்து கிடக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் பல கோடி ஆண்டுகளாக உதிர்ந்து, வள்ளியாறும் குழித்துறை ஆறும் கொண்டுவந்து கடலில் போட்டு, அலை சலித்துக் கரையில் ஒதுக்கியவை அவை. இங்கேயும் அதே கதைதான். டிராகன்ஸ்பர்க் மலையிலிருந்து துகேலா ஆறு கொண்டுவருகிறது, அலையும் காற்றும் சேர்ந்து காடு முளைத்த பெரிய பெரிய மணல்மேடுகளாக எழுப்பியிருக்கின்றன. முதன்முதலாக இந்த ஊர்க் கறுப்பு மணலை நுண்ணோக்கியில் பார்த்தபோது எனக்கு மணவாளக்குறிச்சிக் கரையில் நிற்கிற மாதிரியே இருந்தது.

இதைப் பிரிக்கிற முறையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அது அலுக்கவில்லை. மணல்மேட்டுக்கு நடுவில் ஒரு குளம் வெட்டி, அதில் தூர்வாரும் கப்பலை மிதக்கவிடுகிறார்கள். அது முன்னால் இருக்கும் மேட்டைச் சரித்து உறிஞ்சிக்கொண்டே நகரும், குளமும் கூடவே நகரும். நூறு கிலோ மணலில் வேண்டிய தாது சில கிலோதான். தண்ணீரோடு கலந்த மணலைச் சுருள் சுருளான வாய்க்காலில் மேலிருந்து விடும்போது, முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி, கனமானது உள்பக்கம் ஒதுங்கும், லேசானது வெளிப்பக்கம் போகும். சாதாரண வெள்ளை மணல் தண்ணீரைப்போல 2.65 மடங்கு கனம். இல்மனைட், சிர்க்கான் இரண்டும் 4.5 மடங்குக்கு மேல். அந்த வித்தியாசம் போதும், மருந்து எதுவும் வேண்டாம். மிச்ச மணல் அங்கேயே பின்னால் கொட்டப்பட்டு மறுபடி மேடாகிறது.

கனமானவை ஒன்றாகச் சேர்ந்த பிறகு காந்தம் வருகிறது. இல்மனைட்டைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். ரூட்டைலும் சிர்க்கானும் காந்தத்துக்கு மசியாது, ஆனால் ரூட்டைலில் மின்சாரம் பாயும், சிர்க்கானில் பாயாது. அதனால் உலர்ந்த மணலுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சுழலும் உருளையில் விழவிட்டால் ஒன்று தெறித்துப் போகும், இன்னொன்று உருளையிலேயே ஒட்டிக்கொண்டு சுற்றும். கனம், காந்தம், மின்சாரம் என்ற மூன்று குணங்களை வைத்துக்கொண்டு ஒரு கைப்பிடி மணலை இனம் இனமாகப் பிரித்துவிடலாம். உன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டு. காந்தக்கட்டி ஒன்று போதும், மணல்தான் உன் வாசலிலேயே கிடக்கிறதே.

அடுத்தது உலை. இல்மனைட்டை நிலக்கரியோடு மின் உலையில் போட்டு 1600 டிகிரிக்கு மேல் உருக்கினால் இரும்பு கீழே இறங்கிவிடும், டைட்டானியம் ஆக்ஸைடு கசடாக மேலே நிற்கும். இரும்பாலையில் கசடு என்றால் கழிவு. இங்கே அந்தக் கசடுதான் சரக்கு, அதில் 85 சதவீதம் டைட்டானியம் ஆக்ஸைடு. டைட்டானியம் என்றதும் விமானமும் ராக்கெட்டும்தான் உனக்கு ஞாபகம் வரும். உலோகமாகப் போவது கொஞ்சம்தான். பெரும்பங்கு வெள்ளை நிறமியாகத்தான் போகிறது: உன் வீட்டுச் சுவரின் பெயின்ட், பிளாஸ்டிக் நாற்காலி, பற்பசை, வழவழப்பான காகிதம். குளியலறை டைல்ஸும் வாஷ்பேசினும் பளிச்சென்று வெள்ளையாக இருப்பது சிர்க்கான் மாவால். அதே சிர்க்கானிலிருந்து எடுக்கிற சிர்கோனியம் அணு உலையில் எரிபொருள் குழாயாகிறது, தூத்துக்குடிப் பக்கம் பழையகாயலில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை இருக்கிறதே. ரூட்டைல் வெல்டிங் கம்பியின் மேல்பூச்சில் இருக்கிறது. ஆக, இந்த மணல் வேண்டாம் என்று சொல்கிற வீட்டிலும் இந்த மணல் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டே பேசினால்தான் கூட்டத்தில் நம்மை யாரும் மடக்க முடியாது.

மோனசைட்டைத் தனியாகச் சொல்கிறேன். 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நாரில் ஒட்டியிருந்த மணலில்தான் அதைக் கண்டுபிடித்தார், தேடிக்கொண்டு நம் மணவாளக்குறிச்சிக்கே வந்தார். அன்று காஸ் விளக்கின் மாண்டிலுக்கு, அதாவது சுடரில் ஒளிரும் வலைக்கு, மோனசைட்டில் இருக்கும் தோரியம் தேவைப்பட்டது. கோயில் சப்பரத்துக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் தூக்கிப் போவார்களே, அந்த வெளிச்சம் தோரியம் ஆக்ஸைடின் வெளிச்சம். மோனசைட்டில் அருமண் உலோகங்களும் உண்டு. காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் வேண்டிய காந்தத்துக்கான நியோடிமியம் அதில்தான் வருகிறது. இன்றைக்கு நம் கடற்கரையை எல்லாரும் உற்றுப் பார்ப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் தெருவில் புற்றுநோயில் போனவர்களை வரிசையாக எழுதியிருந்தாய். சித்தியின் பெயரையும் பார்த்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தோரியம் கதிர்வீசும், நம் கரையில் கதிர்வீச்சு இயல்பாகவே அதிகம். கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். அது அந்த ஊரின் கணக்கு மக்கா. மணலைக் கிளறி, மோனசைட்டை மட்டும் பிரித்து ஓரிடத்தில் குவிக்கும்போது அங்கே வேலை செய்கிறவன் வாங்கும் அளவு வேறு. தோண்டுவதற்கு முன்னால் வீடுவீடாகக் கதிர்வீச்சை அளந்து, ஊர்வாரியாக நோய்ப் பதிவேடு போட்டு, இரண்டையும் ஊர்ச் சபையில் வைக்கச் சொல். முன்னால் அளக்காவிட்டால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. இதில் விட்டுக்கொடுக்காதே.

இந்த நாட்டில் நடந்த இரண்டு விஷயங்களை உங்கள் ஆட்களுக்குச் சொல். எனக்கு வடக்கே செயின்ட் லூசியா ஏரி. அதன் கிழக்குக்கரை மணல்மேடுகளில் இதே தாதுதான், எடுக்க எல்லா ஏற்பாடும் நடந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, கடைசியில் 1996ல் அரசாங்கமே வேண்டாம் என்று முடிவெடுத்தது. 1999ல் அது உலகப் பாரம்பரிய இடமாயிற்று. இப்போது அந்தக் கரையில் நீர்யானை பார்க்க வருகிறவர்களை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன.

தெற்கே ஸோலோபெனி. என்னோடு ஆய்வகத்தில் வேலை செய்கிற ஒரு பெண் அந்தப் பக்கத்துக்காரி, அதைப் பற்றிப் பேசும்போது அவள் குரலே மாறிவிடும். அங்கே டைட்டானிய மணலுக்கு ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் வந்தது. அங்கே வாழும் அமாடிபா மக்கள் மறுத்தார்கள். அவர்களுக்கு முன்னின்ற சிகோசிபி ராடெபேயை 2016 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் பின்வாங்கவில்லை. 2018 நவம்பரில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம், அந்த நிலத்தில் வாழும் சமூகத்தின் சம்மதம் இல்லாமல் சுரங்க உரிமம் கொடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. கலந்தாலோசித்தால் போதாது, சம்மதம் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நம் சட்டம் வேறுதான். ஆனாலும் அந்தத் தீர்ப்பை நம் ஆட்கள் வரி வரியாகப் படிக்க வேண்டும்.

இடையில் ஒரு சங்கதி. டர்பனுக்குப் போகிற வழியில் ஸ்டாங்கரில் ஓர் ஆயா இருக்கிறார், நம்மைப் பார்த்தால் சந்தோஷமாகத் தமிழ் பேசுவார். அவருடைய தாத்தா ஒப்பந்தக் கூலியாக வந்து டண்டீ நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும் என்பதை எதிர்த்து, 1913ல் நியூகாசிலில் காந்தியும் தம்பி நாயுடுவும் கூப்பிட்டதும் சுரங்கத்தைவிட்டு வெளியேறியவர்களில் நம் ஆட்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து, அந்தச் சுரங்கக் குடியிருப்புகளையே சிறை என்று அறிவித்து, மேஸ்திரிகளையே காவலர்களாக்கி வேலை வாங்கினார்கள். அடுத்த வருஷம் அந்த வரி ஒழிந்தது. பூமிக்குள்ளிருந்து எதை எடுத்தாலும், எடுக்கிறவனிடம் யாரும் கேட்பதில்லை என்று ஆயா சொல்வார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவர் வீட்டில் இறங்கிவிட்டுத்தான் போகிறேன்.

இனி நீ கேட்ட ஒரு வரி: கீழ்மிடாலத்திலிருந்து கொல்லங்கோடு வரை அந்தத் திட்டம் வரக் கூடாது. மழைக்காலத்தில் கடல் தானாகக் கொண்டுவந்து ஒதுக்கும் மணலை அளவோடு வாரியெடுப்பது வேறு, ஊருக்குள் நிலத்தைத் தோண்டுவது வேறு. இங்கே மணலைத் திரும்பக் கொட்டி, மேல்மண் பரப்பி, ஒரு பகுதியில் காடு வளர்க்கிறார்கள், மீதியில் சவுக்கு வைத்திருக்கிறார்கள். வளர்ந்த காட்டை நானே நடந்து பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் வருகிறது. ஆனால் அதற்கு ஆளில்லாத அகலமான மேடு வேண்டும், பல பத்தாண்டுகள் பொறுக்க வேண்டும். நம் கரையில் அலைத் தடுப்புக் கல், ரோடு, குருசடி, வீடு, அடுத்த வீடு. எங்கே தோண்டி எங்கே காடு வளர்ப்பது? தோண்டிய பள்ளத்தில் உப்புத்தண்ணீர் ஏறினால் கிணறுகள் என்ன ஆகும்? கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் 2004ல் நாம் தூக்கிய உடல்களை நீ மறந்திருக்க மாட்டாய். கரையில் மிச்சமிருக்கிற ஒவ்வொரு மேடும் அலைக்கு முன்னால் நமக்கு இருக்கிற காவல்.

கூட்டத்தில் பேசும்போது கோபப்பட்டு மைக்கைப் பிடுங்காதே, உன்னை எனக்குத் தெரியும். எத்தனை அடி ஆழம் தோண்டுவார்கள், நிலத்தடி நீர்மட்டம் எங்கே, பிரித்த மோனசைட் எங்கே கிடக்கும், நிலம் யார் பெயரில் எந்தத் தேதிக்குத் திரும்பும், நிரந்தர வேலை எத்தனை பேருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேள், பதிலை எழுத்தில் வாங்கு. வள்ளக்காரர்களையும் பெண்களையும் முன்வரிசையில் உட்காரவை. கிராமசபைத் தீர்மானத்தின் நகலை வக்கீலிடம் கொடுத்து வை.

அறிவிப்பின் நாலாம் பக்கம் நகலில் மங்கிக் கிடக்கிறது, தாது அளவுகளைப் போட்டிருக்கும் அட்டவணை அதுதான். அதைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. எண்களைப் பார்த்துவிட்டு உங்கள் வக்கீலுக்கு ஒரு குறிப்பு எழுதித் தருகிறேன். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஜஸ்டின்