‘சீன உணவு’ என்ற ஒரே சொல்லில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிசிலியா சியாங்கைப் பற்றி வந்த கட்டுரை, அவரை ‘அமெரிக்கர்களுக்குச் சீன உணவை அறிமுகம் செய்துவைத்த சமையற்கலைஞர்’ என்கிறது. கோபம் ஆறட்டும் என்று நான்கு நாள் பொறுத்திருந்தும் ஆறாததால் எழுதுகிறேன்.

தாங்கள் அறியாததல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், கலிஃபோர்னியாவின் தங்கவேட்டைக் காலத்திலேயே சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனர்கள் உணவகம் நடத்தினார்கள். 1882-இல் சீனத் தொழிலாளர் நுழையத் தடைச்சட்டம் இயற்றிய நாடு, அவர்கள் காய்கறியும் இறைச்சியும் சேர்த்து வதக்கிச் சமைத்த சாப்சூயியைத் தடையின்றித் தின்றுகொண்டிருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் தென்சீனத்தின் குவாங்டாங் பகுதியினர் என்பதால், அந்த வட்டாரச் சமையலை, அதுவும் அமெரிக்க நாவுக்கேற்ப இனிப்பேற்றிய வடிவில், சீனம் முழுவதற்கும் உரியதென்று அங்கே நம்பிவிட்டார்கள். அந்த நம்பிக்கையை எதிர்த்துத்தான் சியாங் 1961-இல் போல்க் தெருவில் ‘மாண்டரின்’ உணவகத்தைத் திறந்து மல்லுக்கு நின்றார். குவாங்டாங்காரர்களின் கான்டோனீஸ் மொழி பேசத் தெரியாதவர், போதாக்குறைக்குப் பெண் என்று, சீனர் குடியிருப்பான சைனாடவுனின் வணிகர்கள் அவருக்குக் கடனுக்குச் சரக்குத் தர மறுத்தார்கள். சீனர்களுக்கே அந்நியராக நின்றவரை, ‘சீன உணவு’ என்ற ஒரே சொல்லில் கட்டுரையாளர் அடக்கிவிட்டார். சமையற்கலைஞர் என்பதும் பொருந்தவில்லை. பீஜிங்கில் 52 அறைகள் கொண்ட மாளிகையில் வளர்ந்த அவர், சிறுமியாக இருந்தபோது அடுக்களைக்குள் அனுமதிக்கப்படாதவர். நாவில் தங்கிய சுவையை நினைவில் வைத்திருந்து பிறரைச் சமைக்கவைத்தவர்.

1980-களில் வேலை நிமித்தம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்த புதிதில், கிரார்டெல்லி சதுக்கத்துக்கு இடம் மாறியிருந்த அவ்வுணவகத்துக்கு அலுவலக நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். தேயிலைப் புகையூட்டிய சிச்சுவான் வாத்தும், அடிப்பக்கம் மட்டும் சிவக்க வறுத்த கோதுமை மாவுக் கொழுக்கட்டையும் வந்தன. சீனர் என்றால் சோறு என்றிருந்த எனக்கு, வடசீனர் கோதுமை உண்பவர்கள் என்பது அன்றுதான் உறைத்தது. (அதே நண்பர் என் வீட்டு வத்தக்குழம்பையும் மோர்க்குழம்பையும் கடைசிவரை ‘கறி’ என்றே அழைத்தார். அந்த வலி எனக்குத் தெரியும்.)

2020 அக்டோபரில், நூறு வயதில் அவர் மறைந்தபோது நான் அனுப்பிய அஞ்சலிக் குறிப்பைத் தாங்கள் வெளியிடவில்லை. இடநெருக்கடி என்று எண்ணிக்கொண்டேன். அதே இதழில் ஒரு நடிகரின் நாய்க்குட்டிக்கு முழுப்பக்கம் கிடைத்திருந்தது. தங்கள் சமையல் இணைப்பிலோ, நான்கு சொட்டு சோயா சாஸ் விழுந்தால் உப்புமாவும் ‘சைனீஸ்’ ஆகிவிடுகிறது.

அடுத்த இதழில், ‘சீன உணவை’ என்பதை ‘சீனத்தின் பிற வட்டாரச் சமையல்களை’ என்று திருத்தி வாசிக்குமாறு ஒரு வரி வெளியிட வேண்டுகிறேன். ஓரத்தில், சிறிய எழுத்தில் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் சந்தாதாரர்,
சான் ஃபிரான்சிஸ்கோ