அப்ளை ஓடும்போது ஜாபைக் கொல்லாதீர்கள்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: டெராஃபார்ம் ஜாப் பாதியில் நிறுத்தப்பட்டது பற்றிய புகார்

வணக்கம்.

கோடு மாறும்போதெல்லாம் டெஸ்ட், டிப்ளாய் போன்ற வேலைகளை (ஜாப்) தானாக ஓட்டும் உங்கள் பில்ட் சேவைக்கு எங்கள் டீம் மாதாமாதம் பணம் கட்டுகிறது, இலவசத் திட்டத்தில் இருந்துகொண்டு சண்டைக்கு வரவில்லை. ஒரே பிராஞ்சில் (கோடின் ஒரு கிளையில்) புது கமிட் (பதிவான கோடு மாற்றம்) வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஜாபை நிறுத்திவிடும் வசதியை, யாரையும் கேட்காமல் எல்லா புராஜெக்டுக்கும் டீஃபால்ட்டாகப் போட்டுவிட்டீர்கள். டெஸ்ட் ஓடும் ஜாபுக்கு அது சரி, நிமிடங்கள் மிச்சம். சர்வர், டேட்டாபேஸ் போன்றவற்றைக் கோடில் எழுதியபடி கிளவுடில் உருவாக்கும் கருவி டெராஃபார்ம், அதை நிஜமாகச் செய்யும் கமாண்ட் அப்ளை. அந்த அப்ளை ஓடும் ஜாபுக்கும் அதே சட்டமா?

போன வாரம் அப்ளை அமேசானில் ஓர் ஆர்டிஎஸ் (அமேசானின் டேட்டாபேஸ் சேவை) டேட்டாபேஸை உருவாக்கிக்கொண்டிருந்தது. அது நிமிடக்கணக்கில் இழுக்கும் வேலை, "ஸ்டில் கிரியேட்டிங்" என்று திரையில் வரி வரியாக ஓடும். அந்த நேரம் பார்த்து டீமில் ஒருவர் ரீட்மீ ஃபைலில் (வெறும் விளக்கக் குறிப்பு) எழுத்துப்பிழை திருத்தி கமிட் செய்தார். அவ்வளவுதான், ஜாப் காலி.

இன்டரப்ட் சிக்னல் (நிறுத்தச் சொல்லும் அறிவிப்பு) கிடைத்தால் டெராஃபார்ம் பொறுப்பாகத்தான் நடந்துகொள்ளும்: நடந்தவரைக்கும் ஸ்டேட்டில் (தான் உருவாக்கியவற்றின் பதிவேட்டில்) எழுதி, லாக்கை (அதே நேரத்தில் வேறு யாரும் மாற்றாமலிருக்கப் போட்ட பூட்டை) விடுவித்துவிட்டு வெளியேறும். ஆனால் உங்கள் ரன்னர் (ஜாபை ஓட்டும் புரோகிராம்) அந்த சிக்னலை மேலே இருக்கும் பாஷுக்கு (கமாண்டுகளை ஓட்டும் ஷெல்) மட்டும் அனுப்புகிறது, பாஷோ தனக்குக் கீழே ஓடும் கமாண்ட் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறது, டெராஃபார்முக்கு விஷயமே தெரியாது, சில நொடிகளில் சிக்கில் (SIGKILL, உடனே கொல்லும் சிக்னல்) வந்து மொத்தத்தையும் முடித்துவிடுகிறது. டேட்டாபேஸ் அமேசானில் இருக்கிறது, மீட்டர் ஓடுகிறது, ஸ்டேட்டில் மட்டும் இல்லை. லாக் அப்படியே கிடக்கிறது. அதில் "ஹூ" (பூட்டியது யார்) என்ற வரியில் இருப்பது எப்போதோ அழிக்கப்பட்டுவிட்ட உங்கள் ரன்னர் மெஷினின் பெயர்.

லாக்-டைம்அவுட்டை (லாக் கிடைக்க எவ்வளவு நேரம் காத்திருப்பது) 10 நிமிடம் என்று வைத்திருக்கிறோம். அதனால் பின்னால் வந்த ஜாபுகள் எல்லாம், இனி யாரும் விடுவிக்கவே முடியாத லாக்குக்காகக் காத்திருந்து காத்திருந்து தோற்றன. அந்த நிமிடங்களும் எங்கள் பில்லில்!

சப்போர்ட்டில் கேட்டால் "ஃபோர்ஸ்-அன்லாக் (லாக்கை வலுக்கட்டாயமாக எடுக்கும் கமாண்ட்) கொடுங்கள்" என்று ஒரு வரிப் பதில். அது லாக்கைத்தான் எடுக்கும், ஸ்டேட்டில் விட்டுப்போனதைக் கொண்டுவராது. அன்லாக் செய்து மறுபடி அப்ளை கொடுத்தால் அந்தப் பெயரில் டேட்டாபேஸ் ஏற்கெனவே இருக்கிறது என்று எரர். கடைசியில் அமேசான் கன்சோலில் தேடி, கையால் ஸ்டேட்டுக்குள் இம்போர்ட் செய்து சரிப்படுத்தினோம். அது புரொடக்‌ஷன் (நிஜப் பயனர்களுக்கான சிஸ்டம்) இல்லை என்பதால் தப்பித்தோம்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டிப்ளாய் ஜாபுகளில் இந்தத் தானியங்கி நிறுத்தத்தை அணைத்துவையுங்கள், வேண்டுமென்றால் நாங்களே போட்டுக்கொள்கிறோம். சிக்னலை பாஷோடு நிறுத்தாமல் அதன் கீழ் ஓடும் எல்லா புராசஸுக்கும் அனுப்புங்கள், அப்புறம் கொல்வதற்குமுன் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை எங்கள் செட்டிங்ஸில் விடுங்கள். இப்போது எத்தனை நொடி தருகிறீர்கள் என்பதாவது உங்கள் ஆவணத்தில் இருக்கட்டும், தேடிப் பார்த்தேன், எங்கும் இல்லை.

டேட்டாபேஸ் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். லாக்குக்காகக் காத்திருந்த ஜாப் நிமிடங்களை அடுத்த பில்லில் கழித்துவிடுங்கள். "தீர்ந்தது" என்று மூடிய டிக்கெட்டைத் திறந்து, ரன்னர் எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்