ஆறும் ஆள் இழப்பும்: ஒரு கணக்குத் திருத்தம்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

போர்க்கணிப்பு மாதிரிகள் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். எதிரி காத்து நிற்கும் ஆற்றைக் கடக்கும் படைக்கு, வழமையான ஆள் இழப்பை இரண்டால் பெருக்கிக்கொண்டால் போதும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. நெடுங்காலம் இணைந்த கணிதம் படிப்பித்தவன் என்ற முறையில் அந்தப் பெருக்கலை என்னால் ஏற்க இயலவில்லை. ஆற்றினால் வரும் கேட்டின் பெரும்பகுதி, படை துண்டு துண்டாகக் கரையேறுவதிலிருந்தே பிறக்கிறது. அதை ஒரு தனிப் பெருக்கற்காரணிக்குள் அடக்கிவிட முடியாது.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் அமைத்த வகையீட்டுச் சமன்பாடுகளே (ஒரு தொகை மாறும் வேகத்தைக் கூறும் சமன்பாடுகள்) இதற்குச் சான்று. இரு தரப்பினரும் நேருக்கு நேர் கண்டு சுடும் சண்டையில், ஒரு தரப்பில் ஆட்கள் குறையும் வேகம் மறுதரப்பில் சுடுவோரின் தொகைக்கு நேர்விகிதசமமாக இருக்குமென்றும், ஆகவே படையின் வலு ஆட்தொகையின் வர்க்கத்தைப் பொறுத்ததென்றும் அவர் காட்டினார். சம திறமையுள்ள 1,000 பேர் 500 பேரை ஒரே வேளையில் எதிர்த்து இறுதிவரை போரிட்டால், 1,000இன் வர்க்கத்திலிருந்து 500இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் காண, வெல்லும் தரப்பில் எஞ்சுவோர் ஏறத்தாழ 866 பேர்; இழப்பது 134 பேரை. அதே 1,000 பேர் இரண்டு தொகுதிகளாகக் கரையேறினால், முதல் 500 பேரும் எதிரியின் 500 பேரும் ஒருவரையொருவர் அழித்துக்கொள்ள, இழப்பு 500 ஆகிறது. இருநூற்றைம்பது பேராக நான்கு தடவையில் வந்தாலோ, கடைசித் தொகுதி கரையில் கால்வைக்கும்போதும் எதிரே 250 பேர் நிற்பார்கள். 1,000 பேரும் மாண்டுபோவார்கள். உண்மைப் போரில் எந்தப் படையும் கடைசி ஆள் வரை நின்று மடிவதில்லை என்பதை அறிவேன். எனினும் 134 எப்படி 1,000 ஆகிறது என்பதை எந்த நிலையான காரணியும் சொல்லாது.

நான் படிப்பித்த பாடசாலைக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு தொங்குபாலத்தால் வருவார்கள். ஆனி மாத மழையில் ஆறு பெருகிப் பலகைகள் வழுக்கும்போது ஒரு தடவையில் நால்வருக்கு மேல் ஏற விடுவதில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து நாற்பது பிள்ளைகள் ஒன்றாகப் புறப்பட்டிருந்தாலும், மணி அடிக்கும்போது வகுப்பில் இருப்பவர்கள் எண்மரோ பன்னிருவரோதான். மற்றவர்கள் அக்கரையில் குடைக்குள் நிற்பார்கள். உயர்தர மாணவர்களுக்கு மேற்சொன்ன கணக்கை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

1944 ஜனவரியில் இத்தாலியின் ராப்பிடோ ஆற்றில் அமெரிக்காவின் 36ஆவது காலாட்படை டிவிஷனுக்கு நேர்ந்ததும் இதுவே. ஆறு அகலத்தால் அற்பமானது. ஆனால் ஆழமும் வேகமும் கொண்டது. இருளிலும் மூடுபனியிலும் படகுகளைச் சுமந்து கண்ணிவெடி நிலத்தைக் கடந்தவர்களில் சிலரே அக்கரை சேர்ந்தனர், பின்னால் நடைபாலங்கள் எறிகணைகளால் சிதறின, சேர்ந்தவர்கள் தனித்துவிடப்பட்டனர். இரண்டு நாளில் 143 பேர் இறந்தனர், 663 பேர் காயமடைந்தனர், 875 பேர் காணாமற்போயினர். இந்த மூன்றாவது தொகையைக் கவனிக்க வேண்டும்: அவர்களிற் பெரும்பாலோரை விழுங்கியது தண்ணீர் அன்று, அக்கரையில் உதவியின்றி நின்ற நிலையே.

மாறாக, 1973 ஒக்டோபரில் எகிப்தியப் படை இஸ்ரேல் காத்துநின்ற சுயஸ் கால்வாயைக் கடந்தபோது, ஆயிரக்கணக்கில் இழப்பு வரும் என்று அஞ்சியிருந்தும், முதல் நாளில் இறந்தவர்கள் சில நூறு பேரே. நீளமான கரையில் காவல் மெலிந்திருந்தது. ஒரே வேளையில் பல இடங்களில் படகுகள் இறங்கின. எதிர்க்கரையின் மணல் அணையை நீர்ப்பம்பிகளால் கரைத்து வழி திறந்தார்கள். ராப்பிடோவுக்கும் சுயஸுக்கும் ஒரே காரணியைப் பொருத்த எவராலும் முடியாது. மாதிரி கேட்க வேண்டியது, மணிக்கு எத்தனை பேர் அக்கரை சேர முடியும், எதிரி எவ்வளவு விரைவில் அங்கு ஆட்களைக் கூட்ட முடியும் என்ற இரண்டு வேகங்களையே.

பழைய போர்ப் பதிவுகளிலிருந்து சராசரி எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. காவல் வலுத்த துறையைத் தளபதிகள் இயன்றவரை தவிர்ப்பதால், பதிவேட்டில் ஏறுபவை பெரும்பாலும் எளிய கடப்புகளே. 1945 மார்ச்சில் ரெமாகன் என்ற இடத்தில் தகர்க்கப்படாது கிடைத்த பாலத்தின்மீது அமெரிக்கர் ரைன் நதியைக் கடந்ததும் அப்பட்டியலில் ஓர் ஆற்றுக்கடப்புதான்.

கடக்காமலே போனவர்கள் அப்பட்டியலில் ஏறுவதில்லை. 1803 ஜூனில் கண்டியில் சரணடைந்து திருகோணமலை நோக்கிப் புறப்பட்ட மேஜர் டேவியின் பிரித்தானியப் படை, பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்கத் தெப்பமின்றி வட்டபுலுவவில் நின்றது. இரண்டு நாளில் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. அங்கு ஆற்றுக்கடப்பு எதுவும் நிகழவில்லை. ஆகவே கட்டுரையாளரின் மாதிரியில் அன்று மகாவலியால் விளைந்த இழப்பு பூச்சியம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.