சாந்திக்கு, வெள்ளவத்தையிலிருந்து

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்தது பெரிய நிம்மதி. இங்கே ஒரே மழை. சின்னவளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது.

ஆய்வுகூடத்தில் பார்த்த ஒன்றை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டு வயது நிரம்பாத குழந்தையின் மூளைக்கட்டி. ஐஎன்ஐ1 என்ற புரதத்துக்குச் சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தேன். இரத்தக்குழாய்ச் சுவரில் கருக்கள் நல்ல கபில நிறம். சுற்றி நெருக்கியடித்து நிற்கும் கட்டிக் கலங்களின் கருக்களோ வெறும் நீலம், ஒன்றில்கூட அந்தப் புரதம் இல்லை. ஏடிஆர்டி என்ற அரிய கட்டி. இந்த இனக் கட்டிகளில், அந்தப் புரதத்தை உருவாக்கும் எஸ்எம்ஏஆர்சிபி1 என்ற 22ஆம் நிறமூர்த்தத்து மரபணு பழுதாகியிருப்பதை 1998இல் கண்டுபிடித்தார்கள்.

பெரியவர்களின் புற்றுநோயில் மரபணு விகாரங்கள் வருடக்கணக்காகச் சேரும். இதில் அந்த ஒரு மரபணுவைத் தவிர மற்றவை பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும்! சுருட்டிவைத்த டிஎன்ஏ நூலை வேண்டிய நேரத்தில் அவிழ்த்துவிடும் இயந்திரத்தின் ஒரு பாகம்தான் ஐஎன்ஐ1. அது இல்லாமல் முளையப் பருவத்துக் கலம் முதிர வழியில்லாமல் பிரிந்துகொண்டே போகிறது. பிள்ளைகளின் மூளைத்தண்டில் வரும் கொடிய கட்டியிலும் ஏறக்குறைய இதே கதைதான். டிஎன்ஏ நூல் சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 என்ற புரதத்தின் 27ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெதியோனின் வந்துவிடுகிறது. 2012இல் தெரியவந்தது. அந்தச் சின்ன மாற்றம், மரபணுக்களை மூடிவைக்கும் பிஆர்சி2 என்ற நொதியை முடக்க, மூடவேண்டிய மரபணுக்கள் திறந்தே கிடக்கின்றன.

அறிக்கை வாங்க வந்த தாய் என்னிடம் கேட்டாள்: "பிள்ளை வயித்தில இருக்கேக்க நான் ஏதும் பிழையாச் சாப்பிட்டிட்டனோ டொக்டர்?" மாமியார் அன்னாசிப்பழத்தைச் சொன்னாராம், அயலவர் கைபேசியைச் சொன்னார்களாம். இல்லையம்மா, நீங்கள் எதுவும் செய்யவில்லை என்றேன். அது உண்மை. ஆனால் சில பிள்ளைகளில் இந்தப் பழுது பிறப்பிலேயே உடலின் எல்லாக் கலங்களிலும் இருக்கும். அதனால் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இரத்தப் பரிசோதனை தேவை. இரண்டையும் ஒரே மூச்சில், அவள் உடைந்துபோகாமல் சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

கையில் கொடுக்கத் தமிழில் ஒரு தாள்கூட எங்களிடம் இல்லை. இரண்டு பக்கம் எழுதி இத்துடன் அனுப்புகிறேன். நீ உயிரியல் படிப்பிப்பவள், தாய்மாருக்கு விளங்காததை எல்லாம் வெட்டு. பரிசோதனை பற்றிய பந்தியை மட்டும் வெட்டாதே, இன்னும் மெதுவாகச் சொல்ல வழியிருந்தால் திருத்தி அனுப்பு. தைப்பொங்கலுக்கு முன் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
வாணி