மறுபடியும் அதே கிட்டை எழுதாதீர்கள்

வயிற்றுப்புண்ணுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அம்மா இரண்டு வருடத்தில் மூன்று முறை ஹெச் பைலோரி கிட் சாப்பிட்டார்; ஹெச் பைலோரி என்ற வயிற்றுக் கிருமியைக் கொல்லும் மாத்திரைத் தொகுப்பு அது. அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின், அமிலம் குறைக்கும் மாத்திரை. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. முதல் முறை 14 நாளும் ஒரு வேளை தவறாமல் முடித்தார். மூன்றே மாதத்தில் அதே நெஞ்செரிச்சல், விடிகாலையில் எழுப்பிவிடும் அதே வலி. இரண்டாவது மருத்துவர் அதே கிட்டை எழுதினார். மூன்றாமவரும் அதையேதான். கம்பெனி பெயர் மட்டும் மாறியிருந்தது. கூடவே, "காரத்தைக் குறைங்கம்மா, கவலைப்படாதீங்க" என்ற அறிவுரை. அல்சருக்குப் பெரும்பாலும் இந்தக் கிருமிதான் காரணம் என்று காட்டியதற்காக பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கொடுத்தது 2005இல். அம்மா புளியையும் மிளகாயையும் விட்டு வருடக்கணக்காகிறது.

முதல் முறை சாகாத கிருமி அதே மருந்துக்கு மறுபடி ஏன் சாக வேண்டும்? கிளாரித்ரோமைசின் ஒருமுறை தோற்றால் அதைத் திரும்பக் கொடுக்காதீர்கள் என்று உங்கள் துறையின் வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. "இதுக்கு முன்னாடி என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கீங்க?" என்று மூவரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா சொல்லியிருப்பார். சளி பிடித்தால் மருந்துக்கடையில் அசித்ரோமைசின்; வயிற்றுப்போக்கு, பல்வலி என்றால் மெட்ரோனிடசோல். அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதற்கும் அசையாது. நம் ஊரில் எத்தனை வீட்டில் இதே கதை!

கிருமி போய்விட்டதா என்று பார்த்த விதமும் சரியில்லை. ஒருவர் ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள், இருக்கிறதா என்று பார்த்துவிட்டு "இன்னும் இருக்கு" என்றார். கிருமி ஒழிந்த பிறகும் ஆன்டிபாடி ரத்தத்தில் நெடுநாள் தங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பார்க்க வேண்டியது மூச்சுப் பரிசோதனை, இல்லையென்றால் மலத்தில் ஆன்டிஜென், அதாவது அந்தக் கிருமியின் கூறு. அதுவும் ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரமாவது கழித்து, அமில மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு.

நான்காவது மருத்துவர் சரியான மருந்தைத்தான் எழுதினார்: பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமில மாத்திரை, 14 நாள். ஆனால் பேசியது இரண்டு நிமிடம்.

ஐந்தாம் நாள் காலை அம்மா கழிவறையிலிருந்து வெளுத்த முகத்தோடு வந்தார். மலம் கரியாகப் போயிருந்தது. எண்டோஸ்கோப்பி செய்த இடத்தில், "கறுப்பாப் போனா உள்ளே ரத்தம் கசியுதுன்னு அர்த்தம்" என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அன்றே எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார், எனக்குக்கூடச் சொல்லாமல். மூன்று நாள் கழித்துத் தெரிந்து நான் போன் செய்தபோதுதான், "தலைசுத்தல் இருக்கா? தார் மாதிரி ஒட்டிக்கிட்டு நாத்தமா போகுதா? இல்லையா, அப்போ பயப்படாதீங்க, பிஸ்மத் சாப்பிட்டா கறுப்பாத்தான் போகும்" என்றார் டாக்டர். இந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருக்கலாம். இன்னொன்றும் அப்போதுதான் வெளியே வந்தது. வயிறு புண்ணாகக் கூடாதென்று டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கியிருக்கிறார். பாலின் கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. மாத்திரையைப் பாலோடு போடுவது நம் அம்மாக்களின் ஆயுள் பழக்கம். யாராவது சொன்னால்தானே தெரியும்?

உங்கள் வரிசையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று நானும் பார்த்திருக்கிறேன். என்றாலும், கிட் தோற்று வருகிறவரிடம் பழைய சீட்டுகளை வாங்கிப் பாருங்கள். மலம் கறுக்கும், நாக்கு உலோகம்போல் கசக்கும், பால் கூடாது, பாதியில் நிறுத்தக் கூடாது என்று சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள். இரண்டாம் மருந்தும் தோற்றால், எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் துணுக்கைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பி, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்து எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்த கிருமி இது. குத்துமதிப்பாக வைத்தியம் பார்க்கிற விஷயமில்லை.

டாக்டர் சொன்னபடி அம்மா முதல் நாளிலிருந்து மறுபடி ஆரம்பித்து, 14 நாளையும் முடித்துவிட்டார். காலண்டரில் மூச்சுப் பரிசோதனைத் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறார். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மகள்